இரண்டு பதிப்பு, ஒரு வரி

எண்பதுகளின் தொடக்கத்தில் போடி வாசகசாலைக்கு வரும் இதழ்களின் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. கடைத்தெருவிலிருந்து ஏலக்காய் வாசம் வந்துகொண்டே இருக்கும். மலையில் இறங்கும் மேகத்தைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

காலைப் பஸ்ஸில் நாளிதழின் மதுரைப் பதிப்பு வரும். அதே நாளிதழின் நெல்லைப் பதிப்பை, தபாலாபீசில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஊரிலிருந்து வரவழைத்துப் படித்துவிட்டு, இரண்டு நாள் பழசாக எங்களுக்குக் கொடுப்பார்.

"இதுக்கும் ஏட்டுல தனி வரி போடும்வே" என்பார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பேரு ஒன்னு, தலையங்கம் ஒன்னு. பெறகு எதுக்கு ரெண்டு வரி?" என்று அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு.

அந்த ஜூனில் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தன. குரங்கணி ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவரின் மகள், திருநெல்வேலியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள், மதுரைப் பதிப்பில் தன் எண்ணை விரல் வைத்துத் தேடினாள். இல்லை. என்னையும் பார்க்கச் சொன்னாள். இல்லை.

"அண்ணே, நெல்லைப் பேப்பர்ல இருக்குமா?"

"ரெண்டும் ஒன்னுதான் ஆத்தா."

"பாசானாத்தான் மேல படிக்க வைப்பேன்னாரு அப்பா" என்றாள். மறுநாளே தோட்டத்தில் களையெடுக்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து, அலமாரியில் விரிப்பதற்காகப் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினேன். நெல்லைப் பதிப்பு. பக்கம் முழுக்கத் தேர்வு எண்கள். அந்தந்தப் பதிப்பில் அந்தந்த வட்டாரத்து எண்கள்தான் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது பத்தியில் அவள் எண் இருந்தது.

கிடைத்த ஜீப்பில் ஏறிக் குரங்கணி போனேன். ஆள் உயர ஏலச்செடிகளுக்குள் மேகம் புகுந்து கிடந்தது. குரல் கொடுத்தேன். அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் வந்தாள், கையெல்லாம் மண். எண்ணைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"வெரசாக் கெளம்பு ஆத்தா. பள்ளிக்கூடத்துல எடம் போயிரப் போகுது."

அதே ஜீப்பில் மூவரும் மலையிறங்கினோம். பேப்பரை மடியில் விரித்து, எண்ணை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரெனக் கேட்டாள்:

"ரெண்டும் ஒன்னுதான்னு சொன்னீகளே, அண்ணே?"

போடி வந்ததும் நேரே வாசகசாலைக்குப் போய், ஏட்டைத் திறந்து நெல்லைப் பதிப்புக்குத் தனி வரி போட்டேன்.