பேனாவும் பொடியும்

எனுகு நகரில் தையற்கடை வைத்திருந்த உஸோமாக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. குழந்தைக்காக எடுத்த கருத்தரிப்புச் சிகிச்சையில் முதல் முறை அவள் போட்டுக்கொண்டது பேனா வடிவ ஊசி. மருந்து கரைத்தே வரும். அளவைத் திருகி வயிற்றில் குத்தினால் போதும். ஆனால் குளிரில் வைக்க வேண்டும். நடுவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. ஐஸ் வாங்கிக் காப்பாற்றிப் பார்த்தாள். கரு தங்கவில்லை. மருந்து கெட்டதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் முறை பொடி மருந்தாகக் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யும்க்கா," என்றாள் நர்ஸ் எபெலே. "இந்தப் பொடியை ஃபிரிட்ஜில வைக்க வேணாம். ஆனா தினம் நீங்களே கரைக்கணும். குலுக்கிடாதீங்க, நுரைச்சுடும்."

தினமும் கடை அடைத்ததும் குப்பியை மெல்லச் சுழற்றிக் கரைத்தாள்.

"என்ன, எனக்குக் கஞ்சி கரைக்கிறியா?" என்று கணவன் இகெம்பா கேலி செய்தான். முதல் இரண்டு நாள் சிரித்தாள். பிறகு சிரிப்பும் வரவில்லை, ஊசி குத்துவதும் உறைக்கவில்லை.

அந்த முறையும் கரு தங்கவில்லை. முடிவைப் போனில் சொன்ன எபெலேதான் அழுதாள்.

"அடுத்த தடவை எது வேணும்க்கா, பேனாவா பொடியா?"

"எது ஸ்டாக் இருக்கோ அதைக் குடு," என்றாள் உஸோமாக்கா. போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற கல்யாணச் சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.