மேரும் மேரியும்

ஏழு வயது வரைக்கும் மேரி என்பவள் ஒரு பெண்பிள்ளை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் என் தப்பு ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் பாகூர் கொம்யூனுக்கு, அதாவது பாகூருக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும், தலைவராக இருந்தவரை மேர் என்பார்கள். அவர் உட்கார்ந்து அதிகாரம் பண்ணும் கட்டடத்துக்கு மேரி என்று பெயர். கிழவன் என்றால் கிழவி, தோழன் என்றால் தோழி. அப்படியானால் மேருக்குப் பெண்டாட்டி மேரிதானே?

பெரியவர்கள் பேச்சும் அதற்கு ஒத்தாசையாகவே இருந்தது. "மேரி இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்பார் அப்பா. எங்கள் பக்கத்தில் பெண்டுகளையும் அப்படித்தான் சொல்வோம். அம்மா வருது, அத்தை சொல்லுது. குழந்தை பிறந்தால் மேரிக்குச் சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டினாலும் மேரிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்லாமல் சாக முடியாது. இத்தனை பேரையும் நினைவு வைத்திருக்கிற அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக்கூட இவ்வளவு செல்வாக்கு கிடையாது.

என் சித்தப்பா செத்ததையும் அப்பாதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் ஊருக்கும் பாகூருக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. அதன்மேல் பனைமரத்தைப் பிளந்து போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். சித்தப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதில் நடக்கும்போது, நடுவில் நின்று வேண்டுமென்றே தள்ளாடுவார். நான் அலறினால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. ஐப்பசி வெள்ளத்தில், சந்தையிலிருந்து அவர் திரும்பி வரும்போது, உளுத்துப்போன அந்தப் பனைமரம் முறிந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சித்தி சிரித்து யாரும் பார்க்கவில்லை.

சாவைச் சொல்லப் போன அன்றே அப்பா கல்பாலம் ஒன்று வேண்டும் என்றும் மேரியில் கேட்டுவிட்டு வந்தார். ஆகட்டும் என்று சொன்னார்களாம். கோடையில் ஓடைக்கரையில் வண்டி வண்டியாகக் கருங்கல் வந்து இறங்கியது. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் ஏறி விளையாடினோம். கொஞ்ச நாளில் அதே வண்டிகள் வந்து அதே கற்களை ஏற்றிக்கொண்டு போயின. மேர் வீட்டில் புதிதாக மாட்டுக்கொட்டகை எழும்புகிறது என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மேரி வீட்டு மாடுகள் என்றால் சும்மாவா, அவற்றுக்குக் கருங்கல்தான் பொருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. மேருக்கு ஏரிக்கரை நஞ்சையில் பாதி சொந்தம். கரும்புத் தோட்டம் வேறு. தேர்தல் என்றால் அவர் கை திறந்துவிடும். தோப்பில் ஆடு வெந்தது. சாராயம் பீப்பாயோடு வண்டியில் வந்தது. வோட்டு உள்ள ஆம்பிளைக்கெல்லாம் சிவப்புக் கரை வேட்டி. ஊரே ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. எங்கள் அப்பா மட்டும் வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல வேட்டி அது.

"எதிர்த்துப் போடத்தான் போறேன். பாலம் கட்டாதவனுக்கு எதுக்கு வோட்டு?" என்றார் அப்பா. எல்லைக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து தடிக்காரர்களைக் கூலிக்குப் பிடித்து வந்து மேரி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மா பயந்து போய் அவரைத் தடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை என்றதும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"அப்ப இத்தயும் தூக்கினு போ. கையில பொட்டப்புள்ள இருந்தா அடிக்க மாட்டானுங்க."

எதற்கு அனுப்புகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. மேரியைப் பார்க்கப் போகிறோம்! தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடையில் அப்பாவுக்கு இடுப்பளவு தண்ணீர். நான் நனையாமல் அவர் தோளில் உட்கார்ந்து போனேன்.

அவ்வளவு பெரிய கட்டடத்தை அதுவரை நான் கண்டதில்லை. கோயில் தூணைவிடப் பருத்த தூண்கள், உச்சியில் மூன்று வண்ணக் கொடி, வாசலில் சிவப்புத் தொப்பிப் போலீஸ். தடிக்காரர்கள்கூட என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட குமாஸ்தா. அவருக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டு, விரலெல்லாம் மோதிரத்தோடு மேர். மேரியைத்தான் காணவில்லை.

"இன்னாபா, தரையெல்லாம் தண்ணி?" என்று குமாஸ்தா அப்பாவின் வேட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஓடையில எறங்கி வந்தேனுங்க."

"பாலம் இருக்கும்போது ஓடையில எதுக்கு எறங்கற?"

"எந்தப் பாலம்?"

"போன கோடையில கட்டுனமே, கல்பாலம்."

அப்பா ஈர வேட்டியை ஒரு கையால் பிழிந்துவிட்டார். பிறகு, "என் வோட்டப் போட்டுட்டுப் போறேன்" என்றார்.

"அது காலையிலயே வுழுந்துடுச்சி."

"நான் இப்பத்தான வரேன்?"

"நீ வந்தா இன்னா வராட்டி இன்னா, வோட்டு வந்துடுச்சி."

அப்பாவின் கை என் காலை இறுகப் பிடித்தது. "அப்ப என் தம்பி வோட்டு?"

குமாஸ்தா தாளில் விரலை ஓட்டினார். "அவரும் போட்டுட்டாரு. உனக்கு முன்னாடியே."

"அவன் ஐப்பசியில செத்தவன்யா! நான்தான இங்க வந்து எழுதிக் குடுத்தேன்?"

தடிக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். மேர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "செத்தும் வந்து மரியாத காட்டிட்டுப் போயிருக்கான் உன் தம்பி. உனக்கு அது தெரியலியே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சித்தப்பா வந்திருந்தார்! எங்கள் கண்ணுக்குத் தெரியாத பாலத்தில், காலில் தண்ணீர் படாமல் நடந்து வந்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட பாலத்தைக் கட்ட மேரியைத் தவிர யாரால் முடியும்? அப்பாவின் தோளிலிருந்து எட்டிப் பார்த்து நானே மேரைக் கேட்டேன்.

"சித்தப்பா எந்தப் பக்கமா போனாரு?"

ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "வூட்டுக்குத்தான் போயிருப்பாரு, போய்ப் பாரு. பாப்பாவுக்கு ஒரு பிஸ்கோத்து குடுங்கடா" என்றார் மேர்.

திரும்பும்போது ஓடையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் துழாவினேன். பாலம் என் கண்ணில் படவில்லை. தண்ணீரில் நின்றபோது அப்பாவின் தோள் குலுங்கியது. குளிர் என்று நினைத்து என் பாவாடையால் அவர் கழுத்தைப் போர்த்தினேன். மேரி ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டேன். அப்பா கரையேறி விறுவிறுவென்று நடந்தார்.

வீடு வந்ததும் தோளிலிருந்து குதித்து ஓடினேன். சித்தி வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சேதியை அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"சித்தி! சித்தப்பா மேரி வூட்டுக்கு வந்தாரு! அப்பாவுக்கு முன்னாடியே வந்து வோட்டுப் போட்டுட்டுப் போனாரு!"

முறம் நின்றது. சித்தி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வேட்டியில் தண்ணீர் சொட்ட நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை அப்பாவின் முன்னால் வாய் திறந்து பேசாதவள் அன்றைக்குக் கேட்டாள்.

"யாருக்குப் போட்டாராம்?"

"மேருக்கு" என்றார் அப்பா.

சித்தி சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல், முறத்து நெல் முற்றமெல்லாம் சிதற, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஐப்பசியிலிருந்து சிரிக்காத சித்தியை ஒரே சொல்லில் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கையிலிருந்த பிஸ்கோத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.