நாகப்பட்டினத்து அடுப்படியில் ஒரு டீ

என் கணவருக்குத் தஞ்சாவூர் வெயில் ஆகவில்லை. ரிட்டயர் ஆனதும் நாகப்பட்டினத்தில் குடியேற வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இன்று அங்கே வீடு பார்க்கப் போனோம்.

வாசலில் நல்ல கடல்காற்று. போனைக் காட்டி, "பாரு, நம்ம ஊரை விட மூணு டிகிரி கம்மி. அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்றார்.

வீட்டுக்கார அம்மா டீ போட உள்ளே போனார். நானும் போனேன். தஞ்சாவூரில் சமைத்தால் வியர்க்கும், உடனே காய்ந்துவிடும். இங்கே காயவே இல்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"இனிமே நான் நிக்கப் போற இடம். நீங்களும் பாக்க வேணாமா?"

வந்தார். அடுப்பு எரிவதால் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். பால் பொங்குவதற்குள் அவருடைய நெற்றி விபூதி கரைந்து கண்ணில் இறங்கிவிட்டது.

வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டார். "வீடு பாக்க வர்ற ஆம்பளைங்க எல்லாம் வாசலோட சரி சார். நீங்கதான் அடுப்படி வரைக்கும் வந்திருக்கீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யோசிச்சு சொல்றோம்மா" என்றார் இவர்.

திரும்பும்போது பஸ்ஸில், "நம்ம ஊரு காஞ்ச வெயிலே தேவலாம்டி" என்றார். முருகன் காப்பாற்றினான்.

நாகப்பட்டினத்துத் தோழிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் ஊரை முடிவு செய்தது யார், அடுப்படியில் நிற்பது யார்?