வாயைக் கட்டினால் கால் இளைக்கும்

மசாஜ் செய்கிறவள் என்று சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். கேன்சர் நோயாளிகளுக்கு மசாஜ் செய்கிறவள் என்று சொன்னால் சிரிப்பு நின்று, நாற்காலி கொஞ்சம் பின்னால் நகரும். பிறத்தியார் உடம்பைத் தொட்டுப் பிழைக்கிற நர்ஸ்களே, பிசியோக்களே, ஆயாக்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்தால் என்னென்ன கேட்க வேண்டிவரும் என்று மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் வயிற்றெரிச்சலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் பாடம்

ஒரு கிளினிக்கில் பிசியோவுக்கு உதவியாளாக இருந்தேன். பெங்களூரில் ஆன்காலஜி மசாஜ் பயிற்சி நடக்கிறது என்று தெரிந்து, காலை ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். முதல் பாடமே, அழுத்தாதே. கீமோ எடுத்த உடம்பில் லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும், எலும்பு தாங்காது, அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை எப்போது வீங்கலாம் என்று காத்திருக்கும். நம் கை தோலோடு நின்றுவிட வேண்டும்.

ஒரு மத்தியானம் வீக்கங்களைப் பற்றிய வகுப்பில் டீச்சரம்மா ஒரு படம் காட்டினார். இடுப்பிலிருந்து இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து வந்து, கொலுசு போடுகிற இடத்தோடு நின்றுவிட்டிருந்தன. பாதம் மட்டும் சின்னது. இதற்குப் பெயர் லிபிடீமா என்றார். பெரும்பாலும் பெண்களுக்குத்தான், வயசுக்கு வரும்போது தொடங்கும், அழுத்தினால் வலிக்கும், பட்டினி கிடந்தால் முகம் வற்றும், கால் அவ்வளவாக வற்றாது. ஏன் வருகிறது என்று இப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். எனக்கு அந்தப் படத்தில் தெரிந்தவை எங்கள் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கக் குடியிருப்பு லைனில் இருக்கிற ஸ்டெல்லா அக்காவின் கால்கள். பக்கத்தில் இருந்த பெண் ஒரு ஸ்பாவில் வேலை செய்கிறவள். அவளுக்கு அந்தப் படத்தில் வேறு யார் யாருடைய கால்களோ தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "கருமம், இந்தக் காலுக்குத்தான் நாங்க ஸ்லிம்மிங் பேக்கேஜ் வித்துட்டு இருக்கோம்."

போர்டு

படித்து முடித்து எங்கள் ஊர்க் கடைவீதிப் பக்கம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு முன்னறை வாடகைக்குக் கேட்டேன். மாட்டப்போகிற போர்டை வீட்டுக்காரரிடம் காட்டியது என் முட்டாள்தனம். அவர் 'மசாஜ்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்தார். அவர் சம்சாரம் 'கேன்சர்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்தார். இரண்டு பேரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அந்த அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: "மசாஜுன்னா இவரு மானம் போவுது, கேன்சருன்னா எம்புள்ளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. நீ வேற எதுனா கடை போடேம்மா."

டிரில் பிடித்த தோள்

அதனால் வீடு வீடாகப் போகிறேன். அந்தோணி மாமா ஷாஃப்டு என்கிற குழி வழியாகச் சுரங்கத்தில் இறங்கி டிரில் பிடித்தவர். தொண்டையில் கேன்சர், ரேடியேஷன் முடிந்து படுத்திருந்தார். நான் தோளில் கை வைத்து மெதுவாக, தோல் நகர்கிற அளவுக்கு மட்டும் தடவிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நாள்கணக்காகத் தூங்காத மனிதர் தூங்கிவிட்டாரே என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுந்ததும் மாமாவுக்குக் கோபம். எங்கள் ஊரில் மசாஜ் என்றால் எலும்பு சத்தம் போட வேண்டும், வலி தாங்காமல் ஒரு கெட்ட வார்த்தையாவது வர வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்று வேலை. கரகரத்த தொண்டையோடு கேட்டார்: "இன்னாமா நீ, ஷாஃப்டு வாயிலயே நின்னு எட்டிப் பாத்துட்டுப் பூட்ட, கீழ எறங்கவே இல்லியே!"

டாக்டர் சொன்ன மருந்து

ஸ்டெல்லா அக்கா நர்சரி ஸ்கூல் டீச்சர், சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசைக் குரல். ஆனால் நிற்பது எப்போதும் கடைசி வரிசையில். பள்ளிக்கூட நாளிலேயே யானைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். புடவையைத் தரையைக் கூட்டுகிற மாதிரிதான் கட்டுவார். ஒருநாள் அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு விரலை வைத்தேன், துடித்துப் போனார். "அக்கா, இது நீங்க சாப்ட்டதால வந்தது இல்ல, இதுக்குன்னு ஒரு பேரே கீது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் தப்பு இல்லியா, என் தப்பு இல்லியா?" என்று அழுதார்.

இனி நல்லபடியாகச் சாப்பிட வேண்டும், கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று பேசி ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நான் லிபிடீமா என்றதும், நீ என்ன படித்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அக்காவின் காலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மிஷினில் ஏறி நிற்கச் சொல்லி எடை பார்த்துவிட்டு மருந்து சொன்னார்: "லிபிடீமாவும் கெடையாது, கிபிடீமாவும் கெடையாது. வாயைக் கட்டுனா கால் தானா எளைக்கும்."

சாட்சி

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்களில் அக்கா வாயைக் கட்டினார். எங்கள் சபையில் உபவாசம் இருந்து பலன் கண்டவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்வது வழக்கம். ஈஸ்டர் வருவதற்குள் அக்காவின் கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொள என்று ஆகிவிட்டது. சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரே பூரிப்பு. சாட்சி சொல்ல மேடைக்கு ஏற்றினார்கள், கை தட்டினார்கள். அக்கா அன்றுதான் முதல் வரிசையில் நின்று பாடினார்.

அக்கா மேடைப் படியேறும்போது நான் கால்களைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தன. ஈஸ்டர் பிரியாணியை அக்கா தட்டில் கிளறிவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிட்டார். பண்டிகை முடிந்தும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கேன்சர் வீடுகளில் நான் பார்க்கிற முகம் அது. "பசிக்குதா அக்கா?" என்றால், உபவாசம் பழகிவிட்டது என்றார். ஸ்கேன் எடுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன். அக்கா சிரித்தார்: "இப்பதான் எல்லாரும் என்ன நல்லாக்கீறன்றாங்க. கொஞ்ச நாளு வுடேன்டி."

கஞ்சி

விட்டோம். ஒரு வருஷம் ஆவதற்குள் வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, அறுக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அக்கா எனக்கு நோயாளி. வாரம் ஒருமுறை போய் அந்தக் கால்களில் கை வைக்கிறேன். மேலே எலும்பும் தோலும், கீழே அதே கால்கள். மனசு கொதிக்கிறது, கையை மட்டும் லேசாக வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் நான் போனபோது பெண்கள் ஐக்கியத்தில் இருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கஞ்சி, ஒருவர் ஆட்டுக்கால் சூப்பு, ஒருவர் கேக். சாட்சி சொன்ன அன்று கை தட்டியவர்கள்தான். ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கட்டிலைச் சுற்றி நின்று மன்றாடினார்கள். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "வயசுக்கு வந்ததுலருந்து சாப்பிடாத சாப்பிடாதன்னாங்க. இப்ப ஊரே சேந்து சாப்பிடு சாப்பிடுன்னுது. இப்பப் பாத்து உள்ள எறங்க மாட்டேங்குதுடி."

வலிக்கிற உடம்பை வலிக்காமல் தொடத் தெரிந்ததற்கு எனக்கு சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். அந்த உடம்பைத் தொட்டே பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு ஊரில் சர்டிபிகேட்டே தேவைப்படுவதில்லை.