என் பெயரில் யாரோ திருத்திய பாடம்

ஆசிரியர்கள் சேர்ந்து இணையத்தில் எழுதும் எட்டாம் வகுப்புப் பாடநூலில் கடல் பாடம் என்னுடையது. வேலை பார்ப்பது கடலோரப் பள்ளியில் என்றாலும் நான் விழிதியூர்க்காரன், எனக்குத் தெரிந்தது வயல். "கடல் தெளிந்திருந்தால் இறால் நிறைய கிடைக்கும்" என்று எழுதியிருந்தேன்.

இன்று காலை திறந்தால், "தண்ணீர் கலங்கினால்தான் இறால் வரும்" என்று மாறியிருக்கிறது. திருத்தியவர் யார் என்று பார்த்தேன். என் பெயர்!

முதல் சந்தேகம் கணக்கு வாத்தியார் மேல். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அவருக்குப் பிடிக்காது; அதன் ஆபத்தைக் காட்ட அவரே செய்திருப்பார் என்று நினைத்தேன்.

"எனக்கு இறாலே ஒத்துக்காது சார். அதப் போயி நான் ஏன் தொடுறேன்?" என்றார்.

திருத்திய நேரம் நேற்று மூன்றாவது பீரியட். கணினி அறையில் லாக்-அவுட் செய்யாமல் டீ குடிக்கப் போயிருந்தேன். உள்ளே எட்டாம் வகுப்பு. பாதிப் பேர் வீட்டில் படகு இருக்கிறது.

"யாரு செஞ்சது?" என்று வகுப்பில் கேட்டேன். கடைசி பெஞ்சு மாணவி மட்டும், "யாருன்னு தெரியாது சார். ஆனா அது சரிதான்" என்றாள். அவள் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

மதியம் பாடநூல் குழுவிலிருந்து மெயில் வந்தது: "உள்ளூர் அனுபவத்தை அழகாகச் சேர்த்திருக்கிறீர்கள். பாராட்டுகள்."

"நன்றி" என்று பதில் அனுப்பிவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள், இதில் திருடன் யார்?