உபதேசியார் சாப்பிட்ட கோழி

ஓடைப்பட்டிப் பள்ளிக்கு நான் வாத்தியாராக மாற்றலாகி வந்தபோது, அங்கே மாதா கோயிலில், சாமியார் வராத நாளில் செபம் நடத்தும் உபதேசியார் ஒருவர் இருந்தார். ஒல்லியான நெட்டை உடம்பு, வெளுத்த ஜிப்பா. திருவிழா விருந்தில் எல்லோருக்கும் கறிக்குழம்பை அவரே அள்ளி ஊற்றுவார். தான் மட்டும் ரசம் சோற்றோடு எழுந்துவிடுவார்.

காரணம் கேட்டேன்.

“பைபிள்ல, வெள்ளம் வடிஞ்சப்புறம் நோவாவுக்கு ஆண்டவரு கறி திங்க அனுமதிதான் குடுத்தாரு சார், கட்டளை குடுக்கல” என்று சிரித்தார்.

என் வகுப்பில் படித்த ஒரு பெண் கடும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் அவள் அம்மா உபதேசியாரையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வீட்டில் இருந்த ஒரே கோழியைக் குழம்பு வைத்திருந்தாள்.

“ஆஸ்பத்திரியில கைய விரிச்சாக. ஐயா செபம் பண்ணித்தான் பிள்ள பொழச்சுச்சு. உங்களுக்குன்னே அறுத்தேன்யா.”

நான் வாயைத் திறப்பதற்குள் உபதேசியார் என் கையை அழுத்தினார். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

“ருசியா இருக்கு ஆத்தா” என்றார். அவள் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் சாப்பிட்டார்.

திரும்பி நடக்கும்போது, ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஏசு சீடர்கள ஊர் ஊரா அனுப்பையில, போற வீட்டுல வச்சதச் சாப்பிடுங்கன்னு சொன்னாரே. அது கட்டளை சார்.”

கொஞ்ச தூரம் போய் நின்றார்.

“அந்தத் தாய்க்கு நான் பதில் சொல்லிட்டேன். அந்தக் கோழிக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.