ஒப்பாரியில் எழுதிய புத்தகம்

எங்கள் சித்தப்பா தம் ஆயுளில் ஒரே ஒரு கொலைதான் செய்தார். அதுவும் காகிதத்தில். அதற்கு நானும் உடந்தை. எனக்கு அப்போது எட்டு வயது.

இலங்கையில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளாக எங்கள் லயம் இருந்தது. பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை, பண்டாரவளையோடு நின்றுகொள்ளும். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் தகராறு வந்தது. பூசை முடிந்ததும் தேங்காய், வெற்றிலை, மாலையோடு ஒரு தட்டு கொடுத்து மரியாதை செய்வார்கள். அந்தக் காளாஞ்சி வருடா வருடம் பெரிய கங்காணி வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை எங்களுக்கும் தரலாமே என்று அப்பா கேட்டுவிட்டார். கங்காணி கோபப்படவில்லை, சிரித்தார்.

"ஏழு தலைமுறைப் பேரு சொல்லுற குடும்பத்துக்குத்தான் காளாஞ்சி. காலையில பெரட்டுக் களத்துல ஆள் கணக்குக்குக் கூப்பிடுற பேரைத் தவிர ஒங்களுக்கு என்னப்பா தெரியும்?"

அப்பா தம் தாத்தாவின் பெயரோடு நின்றுபோனார். வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வெறும் பெயரென்ன, கதையோடு புத்தகமாகவே எழுதித் திருவிழாப் பந்தலில் வாசிக்கிறேன் என்று சபதம் போட்டார். பதுளைக்கு நடந்தே போய், ஒரு முஸ்லிம் முதலாளி கடையில் தடித்த கொப்பி ஒன்று வாங்கி வந்தார். ஆக, புத்தகம் தயார். உள்ளே எழுதத்தான் எதுவும் இல்லை.

எல்லாம் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து வந்த நினைவு அவளுக்கு மட்டுமே உண்டு. தம்பிகள் இருவரும் லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அத்தை ஒப்பாரி வைத்து ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி அழைப்பாள். புதிதாக வருகிறவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள் என்று அவர்களிடம் கேட்பாள். அழுகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வெளியே தப்பு அடிக்கிற இடத்தில் நிற்பார்கள். அதனால் ஆண்கள் யாரும் அந்தப் பெயர்களை ஒழுங்காகக் கேட்டதே இல்லை. சும்மா உட்கார்ந்து சொல் என்றால் அத்தைக்கு இரண்டு பெயருக்கு மேல் வராது. ராகம் வந்தால்தான் பெயர் வரும். ராகம் வர ஒரு சாவு வேண்டும்.

"நல்லா இருக்கிற வீட்டுல எழவுப் பாட்டா? போடா, வேலையப் பாரு" என்று சித்தப்பாவை விரட்டிவிட்டாள்.

சித்தப்பா யாரைக் கொல்வது என்று இரண்டு நாள் யோசித்தார். தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். தாத்தாவோடு கிளம்பிப் பாதி வழியில் மனம் மாறி ஊருக்கே திரும்பிவிட்டாராம். நாற்பது வருடமாகத் தகவல் இல்லை. இருந்தாலும் எண்பதைத் தாண்டியிருப்பார், பாவம் அதிகம் ஒட்டாது என்று சித்தப்பா தம்மைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சுருட்டுக் கட்டைச் சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து, ஊர்க் கடிதம் என்று குரல் கம்ம வாசித்தார். பெரியப்பா தவறிவிட்டார், காரியமெல்லாம் முடிந்துவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, பெரியப்பாவா?"

"ஆமாக்கா."

"ஊர்லயா?"

"ஊர்லதான்க்கா."

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

பக்கத்துக் காம்பராப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். பெண் பிள்ளை என்பதால் என் வேலை வட்டத்துக்குள் அத்தையை ஒட்டி உட்காருவது. ஓர் அடி முடிந்ததும் லயத்துக்குப் பின்னால் ஓடிப்போய், கொப்பியோடு குந்தியிருந்த சித்தப்பாவிடம் ஒப்பிப்பேன். அவர் எழுதி முடித்ததும் திரும்ப ஓடுவேன். ஒவ்வொரு முறையும் நான் வந்து சேரும்போது அத்தை அதே அடியில்தான் சுற்றிக்கொண்டிருப்பாள். எல்லாம் என் கால் வேகம் என்றே நினைத்தேன். ஏழு தலைமுறையும் அவர்கள் பட்ட பாடும் வந்து முடிந்தபின் இதைப் பாடினாள்:

"பாத முழுக்க முள்ளிருக்க எங்கய்யா – உனக்குப்
பாலை மரம் வீடாச்சே எங்கய்யா."

அப்போது அவள் அழுத அழுகையைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பொய்க்கு இவ்வளவு கண்ணீரா என்று மனது உறுத்தியது.

மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அத்தை குனிந்து கேட்டாள்: "எல்லாத்தையும் எழுதிட்டானா ஒங்க சித்தப்பன்?"

நான் நழுவி ஓடப் பார்த்தேன்.

"பயப்படாதடி. நல்லாத்தான் ஓடுனே. அந்தப் பாலை மரத்தை மட்டும் விட்டுறாம எழுதச் சொல்லு."

பாட்டென்றால் மரம் மட்டையெல்லாம் வரும் என்று முணுமுணுத்தாலும் சித்தப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

திருவிழா அன்று பந்தலில் நின்று வாசித்தார். ஏழு பெயரும், அவர்கள் வெட்டிய கிணறும், பஞ்சத்தில் விட்டுவந்த மாடும் ஒவ்வொன்றாக வந்தன. முடிந்ததும் கங்காணி தாமே காளாஞ்சியை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை அப்படியே தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போய் அத்தை மடியில் வைத்தார். எனக்குத் தொண்டை வலிக்கிற வரைக்கும் குலவையிட்டேன். அன்று சாயங்காலம் கங்காணி சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு எழுதணும்ப்பா. எனக்கே நாலுக்கு மேல வரல" என்றார். சித்தப்பா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

நான் வளர்ந்து, அந்தக் கொப்பியை அச்சுக்குக் கொடுப்பதற்காகப் பிரதி எடுத்தபோது, பாலை மரத்தைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்: தாத்தாவின் அண்ணன் ஊருக்குத் திரும்பவே இல்லை. மாத்தளைக்கு வரும் காட்டு வழியில் காய்ச்சலில் விழுந்தவரை ஒரு பாலை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டுக் கூட்டம் நடந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபடியே வந்த ஒன்பது வயதுப் பெண்ணிடம், பெரியப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும் எனத் தாத்தா சத்தியம் வாங்கியிருக்கிறார். ஊருக்குப் போனவருக்கு எப்படி அழுவது? அத்தை நாற்பது வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், சித்தப்பா சுருட்டுக் காகிதத்தை நீட்டுகிற வரைக்கும்.

ஏழு தலைமுறையும் வந்து அவரை அந்த மரத்தடியிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனது அன்றைக்குத்தான். எனக்கு அன்று இருந்த பெருமையெல்லாம், அத்தனை தடவை ஓடியும் ஒரு தரம்கூடத் தடுக்கி விழவில்லை என்பதுதான்.